சேருமிடத்துக்கு மிகப் பெரியது

கிளைபேடா துறைமுகத்தில் கணினி பழுது பார்க்கிறேன்.
பிப்ரவரியில் கடைக்குள் வருகிற எல்லோரிடமும்
வெள்ளரிக்காய் வாசம்.
ஸ்டிந்தா மீன் அப்படித்தான் மணக்கும்.
பொடிமீன், விரல் நீளம்,
பனியில் துளை போட்டுப் பிடிப்பது.

ஸ்கிர்மாந்தேயும் வீதெனிஸும்
ஒரே கணினியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்தார்கள்.
பிரிகிறார்களாம்.
மீன் புகையிடும் அடுப்பு அவளுக்கு, வேன் அவனுக்கு.
வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த தாளில்
டி டிரைவைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒரே அட்டையில் ஜோடியாக விற்ற பென் டிரைவ்கள்,
சிவப்பு அவளிடம், நீலம் அவனிடம்.
"நகர்த்துங்கள்" என்றாள், "நகல் வேண்டாம்.
அவனுடையது அவனோடு போகட்டும்."

சொல்ல வேண்டியிருந்தது:
ஒரே டிரைவுக்குள் இழுத்தால் பொருள் அசையாது,
முகவரிதான் மாறும், கண் சிமிட்டுவதற்குள் முடியும்.
ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்கு என்றால்
நகர்த்தல் என்று ஒன்று கிடையவே கிடையாது.
முதலில் பிரதி எடுக்கும்,
அப்புறம் மூலத்தை அழிக்கும்.
நடுவில் கொஞ்ச நேரம்
இரண்டு இடத்திலும் இருக்கும்.

வீதெனிஸ் தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டினான்.
"எங்களுக்கு அந்தக் கொஞ்ச நேரம்
ஒன்றரை வருஷம்."
அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழுத்தேன்.
பச்சைப் பட்டை ஊர்ந்தது.
மூன்று நிமிடம் என்றது, பிறகு இரண்டு மணி நேரம்,
பிறகு நாற்பது நொடி.
இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அது உண்மை சொன்னதில்லை,
ஆனாலும் எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

விறகுக் கணக்கு இரண்டு ஃபோல்டரில் ஒரே பெயரில்.
மாற்றவா, தவிர்க்கவா, இரண்டையும் வைக்கவா என்று கேட்டது.
"எது சரி?" என்றேன்.
"ரெண்டும் தப்பு" என்றாள், "ரெண்டையும் வை."

கடைசியாக லேதஸ் என்று ஒரு வீடியோ.
அவர்கள் மொழியில் பனிக்கட்டி.
ஐந்து ஜிபி, பதினொரு வருஷத்துக்கு முந்தைய தேதி.
பெட்டி எழும்பியது:
சேருமிடத்துக்கு இந்தக் கோப்பு மிகப் பெரியது.

"பாதிக்கு மேல் காலியாக இருக்கிறதே" என்றான்.
இடம் இருக்கிறது.
பழைய முறையில் வகுத்த டிரைவ்,
நாலு ஜிபிக்கு மேல் ஒற்றைக் கோப்பை வாங்கிக்கொள்ளாது.
சிவப்பில் போட்டுப் பார்த்தேன். அதே வாசகம்.
வழி உண்டு என்றேன்:
டிரைவைத் துடைத்து வேறுமாதிரி வகுக்கலாம்,
இல்லாவிட்டால் இதை இரண்டாக உடைக்கலாம்,
பார்க்கும்போது ஒட்டிக்கொள்ள வேண்டும்.
யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?

அவள் கையுறைக்குள் விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்தாள்.
ஃபெரி சங்கு ஊதியது.
"விடுங்கள்" என்றார்கள், இருவரும்,
ஒரே நேரத்தில், ஒரே தொனியில்,
பிறகு அதற்காகக் கூச்சப்பட்டார்கள்.
தவிர் என்பதை அழுத்தினேன்.

கூலிக்குப் பதில் கணினியையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.
டிஸ்கைத் துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.
இன்றைக்கே என்றேன்.

இப்போது ஏப்ரல். காயல் உருகிவிட்டது.
கடையில் டீசல் நாற்றம், கடற்காக்கைச் சத்தம்.
டி டிரைவில் அது ஒன்றுதான் கிடக்கிறது.
திறந்து பார்த்ததில்லை, சத்தியமாக.
விண்டோஸ்தான் கேட்காமலேயே
சிறு படமாகக் காட்டிவைக்கிறது:
முழுக்க வெள்ளை,
நடுவில் கறுப்பாக ஒரு துளை,
ஓரத்தில் நாலு பூட்ஸ் நுனிகள்.

நேற்று ஒருவர் அந்தக் கணினிக்கு விலை கேட்டார்.
பழுது என்றேன்.
"பழுது பார்ப்பதுதானே உங்கள் தொழில்?" என்றார்.
ஆமாம் என்றேன்.